கிணத்து மேட்டின் மேல் ஒரு பரிசல்

முதல் நாள், வெள்ளி இரவு

முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே ஈரோட்டிலிருந்து கிளம்பிவிட்டோம். நான், மனைவி, 11 வயது மகள், 7 வயது மகன், அப்புறம் அம்மா. நாலு நாளும் மாமா வீட்டில்தான், மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டி, பண்ணவாடிக்குப் பக்கத்தில். மாமா என்றால் அம்மாவின் தம்பி. 40 வருஷத்துக்கு மேலாகப் பரிசலில் போய் மீன் பிடிக்கிறவர், உரிமம் வைத்திருப்பவர். அவருக்கு முன்னால் அப்பச்சி, அதாவது அம்மாவின் அப்பா, அதே தண்ணீரில் அதே வேலையைத்தான் செய்தார்.

இந்தப் பயணமே அம்மாவுக்காகத்தான். 2024 கோடையில் அணைத் தண்ணீர் வெகுவாக வற்றி, பண்ணவாடியில் மூழ்கிக் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி முழுசாக வெளியே வந்தபோது, ஊரெல்லாம் போய்ப் பார்த்தார்கள். அம்மாவுக்கு அப்போது முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாமா மட்டும் வெடித்த சேற்றில் நடந்து போய், அணை கட்டியதில் மூழ்கிப்போன எங்கள் பழைய தோட்டம் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்து போனில் சொன்னார். அந்த வருஷம் ஜூலை கடைசியிலேயே அணை நிரம்பிவிட்டது. அன்றிலிருந்து அம்மா ஒரே பேச்சு: "தண்ணி இருந்தா என்ன, மேலயாவது போயிட்டு வரணும்."

பவானி, அம்மாபேட்டை, நெரிஞ்சிப்பேட்டை வழியாக வந்தோம். வலப்பக்கம் காவிரி கூடவே வருகிறது, கதவணைகளில் தேங்கித் தேங்கி நிற்பதால் ஆறு மாதிரியே இல்லை, நீளமான குளம் மாதிரி இருக்கிறது. சித்திரை பிறந்து சில நாள்தான் ஆகிறது, ரோட்டோரம் வேப்பமரமெல்லாம் பூத்துக் கொட்டியிருந்தது, கண்ணாடியை இறக்கினால் அந்த வாசம்.

வழியெல்லாம் மகளுக்கு டிரவுட் ஞாபகம். ஏதோ ஒரு குளிர்நாட்டில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் படகில் போய் வசந்த காலத்தில் டிரவுட் பிடிக்கிற வீடியோவைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு அந்த மீன்தான் வேண்டும். அது நம் பக்கத்திலேயே இருக்கிறது என்று சொன்னேன். நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-ல் டிரவுட் குஞ்சு பொரிக்கும் பண்ணை அமைத்தார்கள், எச்.சி. வில்சன் என்பவர் முன்னின்று செய்தது, அங்கிருந்துதான் மலை ஓடைகளுக்கும் ஏரிகளுக்கும் குஞ்சுகள் போயின. ஆனால் அதற்குக் குளிர்ந்த, ஓடுகிற, காற்றோட்டமுள்ள தண்ணீர் வேண்டும். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே அதற்குச் சிரமம். மாமாவிடம் இதைக் கேட்டபோது ஒரே வரியில் முடித்துவிட்டார்: "அது மலை மீனு கண்ணு. இங்க வந்தா வெந்து போயிரும். இங்கத்த மீனு இங்க இருக்குதல்லோ, அதப் பாரு."

மேட்டூருக்குள் நுழைந்ததும் மகன் அணையைப் பார்த்து எவ்வளவு உயரம் என்றான். தண்ணீர் தேங்குவது 120 அடி வரைக்கும், கொள்ளளவு 93.47 டி.எம்.சி., 1925-ல் வேலை தொடங்கி 1934-ல் முடித்தார்கள், நீளம் 5,300 அடி, எல்லாம் சொன்னேன். அம்மா பின்சீட்டிலிருந்து, "59 சதுர மைலு. அதையும் சொல்லு" என்றார். நிரம்பினால் தண்ணீர் பரவி நிற்கிற பரப்பு அது. வெளியூர்க்காரர்கள் எல்லாரும் 120 அடியைத்தான் கேட்பார்கள். எங்கள் வீட்டில் அந்த 59-ஐத்தான் சொல்வார்கள், அதற்குள் நாலு ஏக்கர் எங்களுடையது.

ராத்திரி அத்தை ராகிக் களியும் ஜிலேபி மீன் குழம்பும் போட்டார். சின்ன வெங்காயமும் மல்லியும் வறுத்து அரைத்த குழம்பு, களியில் குழி பண்ணி ஊற்றிச் சாப்பிடணும். மகன் இரண்டு உருண்டை சாப்பிட்டான், வீட்டில் களியைத் தொட மாட்டான்.

இரண்டாம் நாள், சனி இரவு

காலை நாலரைக்கு மாமா கதவைத் தட்டினார். நானும் மகளும் மட்டும் போனோம். வலை எடுக்கிற நேரத்தில் பரிசலில் கூட்டம் இருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு.

இப்போது அவர் ஓட்டுவது ஃபைபர் பரிசல். அப்பச்சியின் மூங்கில் பரிசல் வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கவிழ்த்து வைத்திருக்கிறது, சிம்புகள் பாதி செல்லரித்துவிட்டன. மூங்கிலைச் சிம்பாகப் பிளந்து பின்னி, அந்தக் காலத்தில் மாட்டுத்தோல் போர்த்துவார்கள், அப்புறம் பிளாஸ்டிக் சாக்குக்குத் தார் பூசுகிற பழக்கம் வந்தது, இப்போது ஃபைபர். வடிவம் மட்டும் அதே வட்டம்தான். வட்டமாக இருப்பதால் முன்னும் பின்னும் கிடையாது, துடுப்பைத் தன் பக்கமாக இழுத்தால்தான் முன்னால் போகும், பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினால் பம்பரம் மாதிரி சுற்றும். மகள் துடுப்பை வாங்கி அரை மணி நேரம் முயன்றாள். முதலில் சுற்றிக்கொண்டே இருந்தோம், பின்பு நாலு இழுப்புக்கு ஒன்றாவது நேராகப் போனது. மாமா ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, துடுப்பைப் பிடித்த அவள் கையை மட்டும் ஒரு தடவை கீழே இறக்கி வைத்தார். அவ்வளவுதான், அதற்கப்புறம் சரியாக வந்தது.

வலை என்பது தங்கூசி வலை, சாயங்காலமே விட்டுவிட்டு விடியலில் எடுப்பார்கள். கண்ணுக்கே தெரியாத நைலான் சுவர் தண்ணீருக்குள் நிற்கும், மீன் தலையை நுழைத்துவிட்டுப் பின்வாங்கும்போது செவுளில் மாட்டிக்கொள்ளும். வலைக்கண் பெரிசாக இருக்கணும், சின்னக் கண் வலைக்கு இங்கே தடை, மாமா அதில் ரொம்பக் கறார். முதல் வலையில் ஒரு இடத்தில் இரண்டடிக்குக் கிழிந்து கிடந்தது, மீனின் தலை மட்டும் இரண்டு தொங்கின. நீர்நாய் வேலை என்றார். கோபமே இல்லை. "அதுக்கும் பசிக்குமல்ல?"

இருட்டு வெளுக்க வெளுக்க வலை மேலே வந்தது. பெரும்பாலும் ஜிலேபி. இரண்டு ரோகு, ஒரு மிர்கால், கடைசி வலையில் நாலு கிலோ வரும் கட்லா ஒன்று. கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில், அதனால்தான் வலையைத் தூக்கும்போதே எந்த உயரத்தில் கனம் இருக்கிறது என்பதை வைத்து என்ன மீன் என்று மாமா சொல்லிவிடுகிறார். மகள் மூன்று தடவை சோதித்தாள், மூன்றும் சரி. இந்த மூன்று மீனும் ஓடுகிற வெள்ளத்தில்தான் முட்டை விடும், தேங்கின தண்ணீரில் தானாகப் பெருகாது, அதனால் பண்ணையில் குஞ்சு வளர்த்துக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஜிலேபிக்கு அதெல்லாம் தேவையில்லை.

அதை நேரிலேயே பார்த்தோம். ஒரு ஜிலேபியை வலையிலிருந்து பிரித்துப் பரிசலில் போட்டதும் அதன் வாயிலிருந்து கடுகு கடுகாக ஏதோ கொட்டியது, பார்த்தால் உயிருள்ள குஞ்சுகள், பரிசலின் அடியில் தேங்கியிருந்த ஒரு கை தண்ணீரில் நெளிகின்றன. தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும், அந்த நாட்களில் இரையே எடுக்காது என்றார் மாமா, அதனால் தூண்டிலில் சிக்காது, வலையில்தான் மாட்டும். குஞ்சுகளை இரண்டு கையாலும் அள்ளித் தண்ணீரோடு தண்ணீராக விட்டார், தாயையும் அதே இடத்தில் விட்டார். ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட, 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன் அது, நாட்டு மீன்களின் இடத்தை அது பிடித்துக்கொண்டது என்ற வருத்தம் மாமாவுக்கு உண்டு, அவரே அடிக்கடி சொல்வார். ஆனாலும் விட்டார். மகள் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் டிரவுட்டைப் பற்றி இன்றைக்குக் கேட்கவும் இல்லை.

மத்தியானம் எல்லாரும் தூண்டிலோடு போனோம், அம்மா மட்டும் வீட்டில். வலை மாமாவின் தொழில், அதில் கை வைப்பதில்லை, எங்களுக்குத் தூண்டில்தான். மூங்கில் கழி, தங்கூசி நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, சின்ன ஈயக்குண்டு, முள்ளில் மண்புழு. புழு நழுவினால் ராகி மாவு உருண்டை. மகனுக்குத் தக்கையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காருவது முதல் 10 நிமிஷம் தண்டனை மாதிரி இருந்தது, அப்புறம் ஒரு ஜிலேபிக் குஞ்சு கடித்துத் தக்கை தாழ்ந்ததும் ஆளே மாறிவிட்டான்.

இங்கே ஒரு தப்பு நடந்தது, என் தப்பு, அதை எழுதணும். மூணு மணிக்குக் கரை ஏறிடணும் என்று மாமா முன்பே சொல்லியிருந்தார். சித்திரையில் சாயங்காலம் காற்று எந்த நிமிஷமும் திரும்பும். மகனின் தக்கை ஆடிக்கொண்டே இருந்ததால் இன்னும் அரை மணி நேரம் என்று நான்தான் கெஞ்சினேன். மூணரைக்குப் பாலமலைப் பக்கம் மேகம் கருத்தது, அடுத்த சில நிமிஷத்தில் தண்ணீரின் நிறமே மாறி, அலை எழும்பிப் பரிசலுக்குள் அடித்தது. பரிசலுக்கு அடிக்கட்டை கிடையாது, காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் போகும். மாமா வீட்டுப் பக்கம் திரும்ப முயலவே இல்லை, காற்றோடேயே விட்டு, பக்கத்தில் இருந்த சேற்றுத் திட்டில் கொண்டுபோய் ஒதுக்கினார். எல்லாரும் மிதவைச் சட்டை போட்டிருந்தோம். மழையில் ஒரு மணி நேரம் கவிழ்த்த பரிசலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தோம், மகன் என் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தான். மாமா என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மனைவி திட்டினாள், நியாயம்.

இதைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒன்று: மீனவர் பரிசலில் சும்மா ஏற்றிப் போகச் சொல்லிக் கேட்காதீர்கள், மிதவைச் சட்டை இல்லாமல் எந்தப் பரிசலிலும் ஏறாதீர்கள், பரிசல்காரர் திரும்பலாம் என்றால் அந்த நிமிஷமே திரும்புங்கள்.

மூன்றாம் நாள், ஞாயிறு இரவு

நேற்றைய மழை தண்ணீரைத் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. காலை ஆறு மணிக்கு ஒரு சுருக்கம்கூட இல்லை. அம்மா விடியும் முன்னே குளித்து, பழைய பவானி ஜமக்காளத்தை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மாமா பரிசலைக் கரையோடு அழுத்திப் பிடிக்க, நானும் மனைவியும் இரண்டு பக்கமும் தாங்கி ஏற்றினோம். 68 வயசு. கல்யாணத்துக்கு முன்னால் அப்பச்சியோடு போனது, அதோடு இப்போதுதான். ஏறி உட்கார்ந்ததும் கை தானாகப் பரிசல் விளிம்பைப் பிடித்த விதத்தைப் பார்த்தேன், பழகின கை.

எங்கள் குடும்பக் கதையை இங்கே கொஞ்சம் சொல்லணும். அம்மாவின் அப்பாரு, அதாவது அப்பச்சியின் அப்பா, விவசாயி. இப்போது தண்ணீர் நிற்கிற இடத்தில் நாலு ஏக்கர், ஒரு கிணறு, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டிப் பாய்ச்சுவார், சோளமும் கம்பும் கொஞ்சம் நெல்லும். அணை கட்டியபோது ஊரோடு மேடேறி வந்தார்கள், அப்போது அப்பச்சிக்கு மூணு வயசு. மேட்டு நிலம் வானம் பார்த்த பூமி, ஒரு குடும்பத்துக்குப் போதாது. அதனால் வெள்ளாமை செய்த வீட்டுப் பையன் பரிசல் ஏறினான். அப்பச்சிக்கு மீன் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள், ஆனால் எங்கே பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்தவர் அவருடைய அப்பாதான். வலை பிடிக்கவே தெரியாத அந்த விவசாயி பரிசலில் உட்கார்ந்துகொண்டு, இங்கே இட்டேரி (காட்டு வேலிகளுக்கு நடுவே போகிற வண்டிப்பாதை) போகுது, இங்கே புளியமரம், இது மேட்டாங்காடு, இது கிணத்து மேடு என்று தண்ணீருக்கு மேலேயே காட்டிக்கொண்டு போவாராம். தோண்டின மண்ணைக் கொட்டிய மேடு, கல்கட்டு, மரத்தூர், இங்கேதான் மீன் ஒதுங்கும். மொட்டைச் சேற்றில் ஒதுங்காது. ஆக, தொலைந்துபோன நிலத்தைத் தெரிந்து வைத்திருந்தவர் சொன்னதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் மூணு தலைமுறை சாப்பிட்டது. நான் ஈரோட்டில் கணக்கு எழுதுகிறேன், மாமாவின் மகன்கள் திருப்பூரில். இந்த நிலம் இனி யாருக்குத் தெரியும் என்ற எண்ணம் எனக்கு ரொம்ப நாளாகவே உண்டு.

நடுத்தண்ணீரில் ஒரு இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? மகள் கேட்டாள். மாமா துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் காட்டினார். மேற்கே பாலமலையின் தோள் இறங்குகிற இடம், அதற்கு நேர் கீழே கரையில் ஒற்றைப் பனை. இரண்டும் ஒரே கோட்டில் வர வேண்டும். அந்தக் கோட்டை விடாமல் போய்க்கொண்டே இருந்தால், எதிர்க்கரையில் நாகமரைப் பக்கத்துக் குன்றின் பிளவுக்குள் பின்னால் இருக்கிற மலை முளைக்கும். அது முளைக்கிற இடத்தில் நில். "ரண்டு கோடும் வெட்டிக்கற எடந்தான் கிணத்து மேடு."

நின்றோம். மகள் ஈயக்குண்டை இறக்கினாள். கொஞ்சம் முன்னால் அளந்தபோது எட்டாள் ஆழம், இங்கே ஐந்தாளிலேயே தட்டியது. இரண்டு பரிசல் தூரம் நகர்ந்தால் மறுபடி எட்டு. மூணு ஆள் உயரத்துக்கு ஒரு மேடு அடியில் இருக்கிறது, அதை நரம்பின் வழியாக விரலில் உணர முடிகிறது. மூணு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தாள்.

2024-ல் பார்த்ததை மாமா சொன்னார். கிணறு சேறு மூடிக் குழியாகத்தான் கிடந்ததாம், ஆனால் கவலைக்கல் இரண்டும் நின்றபடியே இருந்தன, கயிறு தேய்த்த தடம் தடவினால் தெரிந்தது. ஒரு உரலும் கிடந்ததாம். எடுத்து வந்திருக்கலாமே என்றேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா, "அங்கயே இருக்கட்டும்" என்றார்.

அம்மா என்ன செய்வார் என்று எனக்குள் பயம் இருந்தது, அழுவாரோ என்று. அழவில்லை. தண்ணீரை ஒரு கை அள்ளி முகத்தில் தடவிக்கொண்டார். அப்புறம் மாமாவிடம், "வலைய மேட்டுக்குத் தெக்கயா வெக்கற? அய்யன் வடக்கதான வெப்பாரு?" என்றார். அய்யன் என்றால் அப்பச்சி. மாமா கையிலிருந்த துடுப்பு அப்படியே நின்றது. இப்போது மண் சேர்ந்து தெற்குப் பக்கம்தான் சரிவு நன்றாக இருக்கு என்று விளக்கினார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கோடைக்காற்று எந்தப் பக்கம் அடிக்கும், வெயில் ஏறினால் மீன் எங்கே நகரும், அக்காவும் தம்பியும் அரை மணி நேரம் பேசினார்கள். 50 வருஷத்துக்கு முன்னால் பரிசலில் சும்மா உட்கார்ந்து வந்த பெண் பிள்ளை இதையெல்லாம் மனசில் வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, மாமாவிடம் மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே மகனுடைய தக்கை ஒரேயடியாக உள்ளே போனது. கழி வளைந்து விளிம்பில் மோதியது. நான் கை வைக்கப் போனேன், மாமா தடுத்தார். இழுக்காதே, விடு, அது போகட்டும், தளர்ந்தால் மட்டும் இழு என்று அவன் காதருகே சொல்லிக்கொண்டே இருந்தார், பரிசலும் மீன் போகிற பக்கமெல்லாம் சுற்றியது. ஐந்து நிமிஷம் இருக்கும். ஒன்றரைக் கிலோ ரோகு. செதில் ஓரம் செம்பு நிறம், வெயில் பட்டதும் பளபளத்தது. அதை யார் தொடுவது என்று இரண்டு பிள்ளைகளுக்கும் சண்டை.

மத்தியானம் அந்த மீனைத்தான் அத்தை குழம்பு வைத்தார். தலை அம்மாவுக்கு. மகனே எடுத்து வைத்தான், யாரும் சொல்லவில்லை.

நாலாம் நாள், திங்கள் இரவு

வீட்டுக்கு வந்துவிட்டோம். காலையில் அணைக்கட்டு முனியப்பன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பூங்காவுக்கு வெளியே வறுத்த மீன் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். 16 கண் மதகுப் பாலத்தின் மேல் நின்று பார்த்தபோது மகன், "நம்ம கிணறு எந்தப் பக்கம்?" என்றான். அங்கிருந்து தெரியாது, வடக்கே வளைந்து தள்ளி இருக்கிறது. இருந்தாலும் கையை நீட்டிக் காட்டினேன்.

கிளம்புவதற்கு முன்னால் மகள் தன் நோட்டை மாமாவிடம் கொண்டுபோனாள். பாலமலைத் தோள், பனை, குன்றின் பிளவு, பின்னால் முளைக்கும் மலை, இரண்டு கோடு, வெட்டும் இடம், ஐந்தாள், எட்டாள், எல்லாம் வரைந்திருந்தாள். மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பனை எப்போது வேண்டுமானாலும் விழுந்துவிடும், பக்கத்தில் ஒரு பாறை இருக்கிறது, அதையும் போடு என்று பென்சிலை வாங்கித் தானே போட்டார். அப்புறம் இன்னும் மூணு இடம் சொன்னார்: இட்டேரி முனை, புளியமரத்தூர், களத்து மேடு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு இரண்டு கோடு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு திருத்தம் சொன்னார், ஒன்றை மாமா ஏற்றுக்கொண்டார்.

இப்போது, ராத்திரி எட்டரைக்கு, மாமா போன் பண்ணினார். பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். சாயங்காலம் வலையை மேட்டுக்கு வடக்கே விட்டிருக்கிறாராம். காலையில் எடுத்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அம்மா நாலரைக்கு அலாரம் வைக்கச் சொல்லிப் போனை என்னிடம் நீட்டுகிறார்.